கெணத்து மேட்டு வண்டி

வாங்கண்ணா, இப்படி தோட்டத்துச் சாளைக்குள்ள, ஓட்டுக்கு அடியில வந்து உக்காருங்க. வண்டிய அப்புறம் பாக்கலாம். மழை வரட்டும்.

ஏன் அப்புடிப் பாக்கறீங்க? மழை வந்தா எல்லாரும் வண்டிய மூடத்தான் ஓடுவாங்க, இவன் என்னடா மழை வரட்டும்ங்கறானேன்னா? சொல்றனுங்க, சித்தெ இருங்க. ஆனமலைப் பக்கம் பாருங்க, எப்புடிக் கருக்கீட்டு நிக்குதுன்னு. ஆடி மாசத்துச் சாரலு, சொல்லாமக் கொள்ளாம வந்துரும். அதுக்குள்ள எளநியக் குடிங்க. நம்ம மரத்துதுதான்.

பழைய வண்டி வாங்கற ஆளுன்னு எங்கக்கா மரகதம் போன் பண்ணித்தான வந்தீங்க? தெரியுமுங்க. ‘இன்னிக்கே ஏத்தீட்டுப் போயிருங்க, அவன் என்ன பேசுனாலும் காதுல போட்டுக்காதீங்க’ன்னு சொல்லியிருப்பா. சொன்னாளா இல்லியா? சிரிக்கறீங்க பாருங்க. சின்னதுல இருந்தே அவ அப்புடித்தான். எங்கய்யன் செத்து வர்ற வெள்ளிக்கெழமையோட வருசம் ஆகுது. திதிக்கு வர்றப்ப அந்த வண்டி தன்ற கண்ணுல படக்கூடாதாம். படக்கூடாதுன்னா என்ன பண்றதுங்க? அது என்ன, ஓடி ஒளிஞ்சுக்கற சாமானா?

விக்க மாட்டேன்னு நான் சொல்லவே இல்லீங்க. அத மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஓட விட்டுப் பாத்துப்போட்டு வாங்குங்கன்னுதான் சொல்றேன். ஒரே ஒரு தடவ அந்த மேட்டுல இருந்து எறங்கி ஓடுனாப் போதும். அப்புறம் நீங்க ஒடச்சு விப்பீங்களோ, ஓட்டுவீங்களோ, உங்க பாடு. ஓட விட்டுப் பாக்காம வண்டி வாங்கறது எந்த ஊரு ஞாயமுங்க?

அதாங்க, அங்கெ கெணத்து மேட்டு மேல நீலமா நிக்குதே. கெணறு வெட்டுன மண்ணக் கொட்டுன மேடு அது. குட்டி டிராக்டரு. ரெண்டு தென்னைக்கு நடுவால வளைஞ்சு போற அளவுதான் இருக்கும், தோட்டத்துக்குன்னே செஞ்சது. மலை மேல ஒரு எஸ்டேட்டுல ஏலம் போட்டப்ப எங்கய்யன் புடிச்சுட்டு வந்தாரு. நாச்சிமுத்து வண்டின்னா இந்தப் பக்கம் தெரியாத ஆளு இல்லை. சத்தத்த வெச்சே, ‘நாச்சிமுத்து உழுகறாப்ல இருக்குது’ன்னு நாலு தோட்டம் தள்ளிச் சொல்லுவாங்க. முன்னால பாவாயின்னு எழுதியிருக்குது பாருங்க, அது எங்கம்மா பேரு. உசுரோட இருந்த வரைக்கும் அம்மாகிட்ட ஒரு நல்ல வார்த்த பேசுனதில்லை. செத்த பொறவு வண்டியில எழுதி வெச்சுட்டாரு. அய்யனோட பாசம் அந்த மாதிரிங்க.

அதுக்கு பேட்டரி கெடையாது. வாங்குன புதுசுல இருந்துச்சு, செத்துப் போச்சு, அதுக்கப்புறம் அய்யன் போடவே இல்லை. ‘மேடு இருக்கறப்ப பேட்டரி எதுக்குடா?’ம்பாரு. சாயந்தரம் பொழுதோட உழவு முடிஞ்சா வண்டியக் கொண்டாந்து மேட்டு மேல, மூக்கு கீழ பாக்க நிறுத்திப்போட்டு, பெரிய சக்கரத்துக்கு முன்னால முட்டுக்கல்லு வெச்சுருவாரு. எங்கம்மா அரைச்ச அம்மி ரெண்டா ஒடஞ்சுபோச்சு, அதுல ஒரு பாதிதான் முட்டுக்கல்லு. வெடியால அந்தக் கல்ல எடுத்தா வண்டி எறக்கத்துல உருளும். உருளறப்பக் கியரப் போட்டா இஞ்சின் புடிச்சுக்கும். உங்களுக்குத் தெரியாததா, பழைய வண்டிக எத்தனை பாத்திருப்பீங்க.

கல்ல எடுக்க ஒரு ஆளு வேணும், பிரேக்க மிதிச்சுப் புடிக்க ஒரு ஆளு வேணும். கல்ல எடுக்கறது அய்யன். மிதிக்கறது நானு.

எனக்கு மீசை மொளைக்கறதுக்கு முன்னால இருந்தே அதானுங்க என்ற சோலி. நான் சீட்டுல ஏறி உக்காந்து பெடல மிதிச்சுக்குவேன். அய்யன் சக்கரத்துக்கு முன்னால குந்துவாரு. குந்திப்போட்டு, ‘ஏண்டா, இருக்கறயா?’ன்னு கேப்பாரு. ‘இருக்கறனுங்கய்யா’ம்பேன். அப்பத்தான் கல்லுல கை வெப்பாரு. கல்ல அக்கட்டாலப் போட்டுட்டு மேல ஏறி வந்து தன்ற கால வெப்பாரு, நான் என்ற கால எடுத்துக்கிட்டு எறங்கிக்குவேன். அவ்வளவுதான். ஓட்ட விடமாட்டாரு. கண்ணாலம் ஆகி, புள்ளை பொறந்து, தலை நரைச்சும் விடலீங்க. ‘சிகாமணிக்கு மிதிக்கறது மட்டுந்தான் உருப்படியா வரும்’னு சொந்தபந்தம், ஒறம்பரைக முன்னால சொல்லிச் சிரிப்பாரு. நானும் கோடச் சேந்து சிரிப்பேன். சிரிக்காம என்ன பண்றது? கோழிப்பண்ணை போட்டேன், சீக்கு வந்து போச்சு. பஸ் ஸ்டாண்டுல பேக்கரி வெச்சேன், அதுவும் போச்சு. மிதிக்கறதுல மட்டும் ஒரு நாளும் ஒரு கொறை வந்ததில்லை. அந்த ஒரு சோலியத்தான் அய்யன் என்னை நம்பிக் குடுத்தாரு. தன்ற உசுர வெச்சுக் குடுத்தாருங்க. அது என்ன வெளையாட்டா?

எளநி நல்லாருக்குதுங்களா? தேங்காயும் வழிச்சுத் தரட்டுமா? சரி, சரி.

அய்யன் போயி, போலீசு வந்து எழுதீட்டுப் போன பொறவு, வண்டியக் கெணத்தோரமாத் தள்ளி தென்னமட்டையப் போட்டு மூடிப்போட்டாங்க. கிட்டக்க யாரும் வரலை. காவு வாங்குன வண்டின்னு பேரு வெச்சுட்டாங்க. ஒருக்கா ரத்தம் பாத்த வண்டி மறுக்கா கேக்குமாம். கேட்டீங்களா கதைய? இரும்புக்கு நாக்கு எங்கீங்க இருக்குது? தேங்கா போட வர்றவன் கோட அந்த வரிசையில மரம் ஏற மாட்டேன்னுட்டான். அந்தப் பக்கம் விழுந்த தேங்கா விழுந்த எடத்துலயே மொளைச்சுக் கெடந்துச்சு.

எனக்கு மனசு கேக்கலீங்க. தைப்பொங்க நோம்பி முடிஞ்சதும் மட்டைய எடுத்தேன். டேங்குக்குள்ள தவளை. சீட்டுல எலி குட்டி போட்டிருந்துச்சு. பொள்ளாச்சியில இருந்து ஆரோக்கியம்னு ஒரு மெக்கானிக்கக் கூட்டியாந்து, இந்தச் சாளையிலயே படுக்க வெச்சு வேலை வாங்குனேன். டீசல் பம்பக் கழட்டிச் சுத்தம் பண்ணுனான், பிஸ்டனுக்குப் புது ரிங்கு போட்டான். அந்த நீலம் எங்கயும் கெடைக்கலை, மூணு டப்பாவ ஊத்திக் கலக்கிக் கலக்கிக் கொண்டாந்தோம். மட்காடுல ஒரு நெளிசல் இருக்குது பாருங்க, வாழைத்தாரு ஏத்தறப்ப ஆனது, அதத் தட்டி நிமுத்தாதடான்னு சொல்லிப்போட்டேன். சீட்டுக்கு அடியில அய்யன் மடிச்சு வெக்கற உர மூட்டைச் சாக்கு, அதுவும் அப்புடியே இருக்குது. எல்லாம் அய்யன் வெச்சிருந்த மாதிரியே இருக்கோணும்னு சொன்னேன். அவனும் சரின்னான். வேற டிராக்டர்ல கட்டி இழுத்து, பழைய எடத்துலயே மேட்டு மேல ஏத்தி முட்டுக்கல்ல வெச்சோம்.

ஒரு நா சந்தைக்குப் போய்ப்போட்டு வந்து பாக்கறேன், பிரேக்கு பெடல மாத்தி வெச்சிருக்கறான். புதுசு, மேல கருப்பா ரப்பரு. எனக்கு வந்துச்சே கோவம்! பழச எங்கடான்னா, குப்பையில கெடக்குதுங்கறான். ‘அது தேஞ்சு வழுவழுன்னு கண்ணாடியாட்டம் ஆயிருச்சுங்க, ஈரம் பட்டா காலு நிக்காது’ங்கறான். எங்கய்யன் வெறுங்காலு தேச்சுத் தேச்சு அந்த இரும்புல ஒரு பள்ளம் உழுந்திருக்குதுங்க. அவரு காலு அளவு, அதே வடிவம். போட்டோ இல்லீங்க எங்கய்யனுக்கு, ரேசன் கார்டுல இருக்கற மூஞ்சி யாரோ மாதிரி இருக்கும். அந்தப் பள்ளந்தான் எனக்கு அய்யன். அதப் போயி குப்பையில போட்டா வயிறு எரியாதா? கொண்டாந்து மறுக்கா மாட்டுடான்னேன். மாட்டுனான். மாட்டிப்போட்டு, ‘கல்ல எடுக்கறதுக்கு மட்டும் என்னைக் கூப்புடாதீங்க’ன்னு சொல்லீட்டுச் சாமானத் தூக்கீட்டுப் போனவன்தான். பாக்கிக் கூலிய வாங்கக் கோட வரலை.

காத்து மாறுது பாருங்க. வந்துரும்.

அன்னிக்கு நடந்தத நானே சொல்லிப்போடறேன். இல்லாட்டி அக்கா சொன்னதத்தான் நம்புவீங்க. அன்னிக்கும் இதே மாதிரிச் சாரலு. ரெண்டு நாளா விட்டு விட்டுப் பேஞ்சு, அன்னிக்கு வெடியால லேசாத் தூறீட்டு இருந்துச்சு. ‘இந்த ஈரத்துல உழுதாத்தாண்டா மண்ணு பொலபொலங்கும்’னு அய்யன் என்னை எழுப்பிக் கூட்டியாந்தாரு. நான் ஏறி மிதிச்சேன். அய்யன் குந்துனாரு. ‘ஏண்டா, இருக்கறயா?’ன்னாரு. ‘இருக்கறனுங்கய்யா’ன்னேன். அவரு கல்ல இழுத்தாரு. இழுக்கறப்ப அவருக்கு நெஞ்சடைச்சிருக்குதுங்க. மாரடைப்பு. அப்புடியே முன்னால சாஞ்சிருக்கறாரு. அதுக்குப் பொறவுதான் வண்டி நகுந்துச்சு. அய்யன் விழுந்ததப் பாத்து நான் பதறி எந்திரிச்சேன், அப்பக் காலு எடுத்திருப்பேன், அதான் நகுந்துச்சு. மொதல்ல அய்யன் விழுந்தாரு. பொறவுதான் வண்டி. இந்த வரிசைய மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க. மொதல்ல அய்யன், பொறவு வண்டி.

நெஞ்செலும்பு ஒடஞ்சிருக்குதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வண்டி ஏறுனா ஒடையத்தான செய்யும்? அது பொறவு ஆனது. மாரடைப்பு பத்தி ஏன் ஒண்ணும் சொல்லலைன்னு அக்கா கேக்கறா. எல்லாத்தையும் சொல்லீட்டா இருப்பாங்க? அப்புறம் என்னமோ அய்யன் கை ரெண்டும் கல்லப் புடிச்சபடிக்கே இருந்துச்சாம். நெஞ்சடைச்ச மனுசன் நெஞ்சத்தான புடிப்பான், கல்லயா புடிப்பான்னு கேக்கறா. எங்கய்யனப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? கண்ணாலம் ஆகிப் போனவ. எடுத்த சோலிய முடிக்காம அய்யன் கையெடுக்க மாட்டாருங்க. செத்தாலும் எடுக்க மாட்டாரு.

செருப்பா? அதையும் சொல்லீட்டாளா! என்ற சோத்தாங்காலுச் செருப்பு பெடலுக்கு அடியில சிக்கீட்டு இருந்துச்சு. அவ்வளவுதான். நான் பதறிக் குதிச்சப்ப கழண்டிருக்கும். என்ற ஊட்டுக்காரி கோகிலாதான் அத மொதல்ல பாத்திருக்கறா. பாத்து, போலீசு வர்றதுக்குள்ள எடுத்து, சேலையில சுருட்டிக் கொண்டுபோயிக் கழுவி வெச்சுட்டா. எதுக்குங்க கழுவோணும்? ஒளிக்கறதுக்கு அதுல என்ன இருக்குது? அதுக்குப் பொறவு அவ என்னை ஒரே ஒரு வார்த்த கேட்டா. ‘கால் வழுக்குச்சாங்க?’ன்னா. இல்லைன்னேன். தலையத் தலைய ஆட்டீட்டுப் போய்ட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்லை. நம்பீட்டான்னுதான் நெனைச்சேன்.

இதா, போட்டிருக்கறனே, அதே செருப்புதானுங்க.

நம்பலைங்கறது அப்புறந்தான் தெரிஞ்சுது. யாருமே நம்பலை. கண்ணாலம் காட்சிக்குப் போனா, நான் போயி உக்காந்ததும் பேச்சு நின்னுபோகும். அதனாலதான் யோசிச்சேன். அதே வண்டி, அதே பெடலு, அதே செருப்பு. ஈரத்துலயே ஒருக்கா மிதிச்சுப் புடிச்சுக் காட்டீட்டா? வண்டி நகுரலைன்னா? அப்ப என்ற காலு வழுக்கலைன்னுதான அர்த்தம்? அய்யன் குடுத்த சோலிய நான் ஒழுங்காத்தான் செஞ்சேன்னு ஆயிருமில்ல? சொல்லுங்க, ஆகுமா ஆகாதா?

ஆனா கல்லெடுக்க ஆளு வேணுமே. மரகதத்தோட ஊட்டுக்காரரு, எங்க மாமன், சாது மனுசன், பங்குனியில வந்தவரு சரின்னு குந்துனாருங்க. கல்லுல கை வெச்சுப்போட்டுத் தலையத் தூக்கி என்ற காலப் பாத்தாரு. நெம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சு, வேட்டிய ஒதறிக் கட்டீட்டுப் போய்ட்டாரு. பயந்த மனுசன். எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்துக்கும் அன்னிக்கு வெச்சது. மொதல் ஓட்டத்துல நசுக்கோணுமில்ல? நசுங்கவே இல்லை. காஞ்சா எடுத்துப் போட்டுட்டு வேற வெக்கறேன், வேற வெக்கறேன், இப்பவும் இருக்குது பாருங்க.

கடேசியில கோகிலாவே வந்தா. போன மாசம். நல்ல வெயிலு. நான் வண்டியத் தொடைச்சுட்டு இருந்தேன். வந்து சக்கரத்துக்கு முன்னால குந்துனா. ‘நான் எடுக்கறேன். நீங்க ஏறுங்க. இதோட விட்டுத் தொலைங்க’ன்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. இருந்தாலும் காஞ்ச நாள்ல செஞ்சு என்ன பிரயோசனம்? அக்கா சும்மா விடுவாளா, ‘அன்னிக்கு மழையில்ல?’ம்பா. அதனால, ‘இன்னிக்கு வேண்டாம் கோகிலா, மழை பேயட்டும், அப்ப எடு’ன்னேன். அவ குந்துனபடிக்கே என்னை அண்ணாந்து பாத்தா. எந்திரிச்சா. சேலையில இருந்த மண்ணக் கோடத் தட்டலை. பொழுதோட பாத்தா, புள்ளையக் கூட்டீட்டு அவங்கம்மா ஊட்டுக்குப் போய்ட்டா. அவ எடுக்கறேன்னதுக்கு நான் வேண்டாம்னுட்டேன்னு கோவம். பொம்பளைகளுக்கு அதெல்லாம் சீக்கிரம் வந்துருது. போறதுக்கு முன்னால கல்லுக்கு ஒரு நீளமான கயிறு கட்டி வெச்சுட்டுப் போயிருந்தா, எட்ட நின்னு இழுக்கறதுக்கு. அவுத்து வீசிப்போட்டேன். கயித்துல இழுத்தா என்ன தெரியும்? அய்யன் கையிலதான இழுத்தாரு.

பாத்தீங்களா, வந்துருச்சு! ஓட்டு மேல சத்தம் கேக்குதா? நான் சொல்லலை?

எங்கீங்க எந்திரிக்கறீங்க? இந்த மழையில பைக்க எப்புடி ஓட்டுவீங்க? வாய்க்கா மேட்டுல சேறு, வழுக்கும். உக்காருங்க. இல்ல, வேண்டாம், உக்கார வேண்டாம், வாங்க, இதான் நேரம். நெம்பப் பெரிய மழையாகறதுக்குள்ள முடிச்சுருவோம். ஒரே ஒரு தடவண்ணா. கல்ல எடுத்துக் குடுத்துப்போட்டு, லாரிய வரச் சொல்லி வண்டியச் சும்மாவே ஏத்தீட்டுப் போங்க. நெசமாத்தான். ஒத்த ரூவா வேண்டாம். இஞ்சின் புதுசு மாதிரி இருக்குது, வித்தீங்கன்னா உங்களுக்கே தெரியும். எனக்கு வேண்டியதெல்லாம் ஒண்ணுதான். அக்காகிட்டப் போயி, ‘நானே கல்ல எடுத்தேன், மழையில எடுத்தேன், வண்டி ஒரு நூலு நகுரலை’ன்னு சொல்லுங்க. மூணாவது மனுசன் நீங்க, நீங்க சொன்னா அவ நம்புவா. கோகிலாவும் வந்துருவா. திதிக்குள்ள வந்துருவா.

யோசிக்கறீங்க. யோசிங்க, தப்பில்லை. நான் எத்தனை வருசம் மிதிச்சவன்ங்கறதையும் சேத்து யோசிங்க.

வர்றீங்களா? நெம்ப சந்தோசமுங்க. இந்தாங்க, இந்தச் சாக்கத் தலைக்குப் போட்டுக்கோங்க. பாத்து வாங்க, மேட்டுல புல்லு ஈரம். நீங்களும் எங்கய்யன் ஒசரந்தான், பாத்ததுமே நெனைச்சேன்.

இங்கெ குந்துங்க. இன்னும் சித்தெ முன்னால. பக்கவாட்டுல இல்லீங்க, நேரா, சக்கரத்தப் பாத்த மாதிரி. ஆங், அங்கெதான். அய்யன் அங்கெதான் குந்துவாரு. கல்லு கனமா இருக்கும், ரெண்டு கையிலயும் புடிச்சுக்கோங்க. என்ற காலப் பாக்காதீங்க. மாமன் அதப் பாத்துத்தான் கெட்டாரு. நீங்க கல்ல மட்டும் பாருங்க.

நான் ஏறீட்டேன். மிதிச்சுட்டேன். செருப்பு ஈரந்தான், பரவால்லீங்க, அன்னிக்கும் ஈரந்தான். அய்யன் காலு பள்ளத்துல என்ற காலு அப்புடியே பொருந்தி உக்காந்திருக்குது.

இப்பக் கேளுங்கண்ணா. அய்யன் கேக்கற மாதிரியே கேளுங்க. அப்பத்தான் எனக்கும் வாகா இருக்கும். சத்தமாக் கேளுங்க, மழையில ஒண்ணும் காதுல விழுகறதில்லை.

இருக்கறனுங்கய்யா.